கைப்பைக்குள் ஒரு கணக்கு நோட்டு

சகோதரிகளே, இந்த முறை சமையல் குறிப்போடும் கை வைத்தியத்தோடும் நான் வரவில்லை. எங்கள் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தை எழுதப் போகிறேன். எழுத வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஏனென்றால் அதில் தப்புச் செய்தவள் நான். ஆனால் வேலைக்குப் போகும் பெண்ணை வீட்டில் வைத்திருக்கும் தாய்மார்களுக்கும், பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பும் இளம் தாய்மார்களுக்கும் இது உபயோகப்படும் என்று என் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

எங்கள் பெரியவள் ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு, போன வருஷம் ஜூன் மாதம் இங்கே திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்தாள். சம்பளம் 8,500 ரூபாய். "இவ்வளவுதானா?" என்று அவள் அப்பா முகத்தைச் சுளித்தார். நான் விடவில்லை. நான் பத்தாவதோடு நின்றவள். என் பெண்ணை நாலு பேர் "டீச்சர்" என்று கூப்பிடப் போகிறார்களே என்ற பூரிப்பு எனக்கு. மலைக்கோட்டைப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டு, தெருவில் நாலு வீட்டுக்குக் கேசரியும் கொடுத்தாயிற்று. கையோடு, அவள் பேரில் மாதம் 2,000 ரூபாய் சீட்டு ஒன்றிலும் சேர்ந்துவிட்டேன். பெண் பிள்ளை ஆயிற்றே, ஒரு சங்கிலியாவது செய்து வைக்க வேண்டாமா?

முதல் மாதச் சம்பளத்தில் 5,000 ரூபாய் கொண்டு வந்து சுவாமி படத்தின் முன் வைத்தாள். பஸ்ஸுக்கும் செருப்புக்கும் போயிருக்கும் என்று பேசாமல் இருந்தேன். இரண்டாம் மாதம் 4,500. மூன்றாம் மாதம் 4,000! ஏற வேண்டியது இறங்கிக்கொண்டே போகிறதே என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"எங்கேடி போகுது பணம்?" என்று கேட்டேன்.

"செலவாயிடுச்சும்மா."

"என்ன செலவு? மத்தியானச் சாப்பாடு நான் கட்டிக் கொடுக்கறேன். துணி நான் எடுத்துக் கொடுக்கறேன். உனக்கு என்ன செலவு?"

பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

இந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்கா, "வயசுப் பொண்ணு சம்பளத்தைக் கவரோட வாங்கி வச்சுக்கணும். இல்லேன்னா கண்ட பழக்கமும் வரும்" என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார்கள். அது முள் மாதிரி மனசில் தைத்துவிட்டது. அவள் போனை எடுத்துப் பார்த்தேன். யாரோடு பேசுகிறாள் என்று காதைத் தீட்டினேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதுதான் நிஜம்.

ராத்திரி பத்து மணி வரை கூடத்தில் உட்கார்ந்து அட்டை வெட்டுவாள், யானை, பூனை, மாம்பழம் என்று வரைவாள், வர்ணம் தீட்டுவாள். அதை நான் பார்க்காமல் இல்லை. தாளும் அட்டையும் பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். தையல்காரருக்கு நூலைக் கடை முதலாளி கொடுக்கிற மாதிரி, டீச்சருக்கு வேண்டியதைப் பள்ளி கொடுக்காதா? அப்படித்தான் என் புத்திக்குத் தோன்றியது.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வகுப்பிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். ஆயாம்மா ஒருத்தர் ஆட்டோவில் கொண்டு வந்து விட்டார்கள். டாக்டரம்மா ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்கள். ஹீமோகுளோபின் 9 தான் இருந்தது. பெண்களுக்கு 12க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்பார்கள். "காலையில் என்ன சாப்பிடறே? சாயங்காலம்?" என்று அந்த அம்மாள் துருவித் துருவிக் கேட்டபோதுதான் பாதிக் கதை வெளியே வந்தது. காலையில் அவசரத்தில் ஒரு காபி. சாயங்காலம் ஒன்றும் இல்லை. பஸ் ஸ்டாப்பிலிருந்து பள்ளி இரண்டு கிலோ மீட்டர். மற்ற டீச்சர்கள் ஷேர் ஆட்டோவில் போக, இவள் மட்டும் போக வர நடந்திருக்கிறாள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை டீ, காபியோடு சாப்பிடக் கூடாதாம், சத்து உடம்பில் சேராதாம். எலுமிச்சம்பழச் சாற்றோடு சாப்பிட்டால் நன்றாகச் சேருமாம். உங்கள் வீட்டிலும் யாராவது சாப்பிட்டால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து அவள் படுத்ததும், மருந்துச் சீட்டைத் தேடி அவள் கைப்பையைத் திறந்தேன். சீட்டைத் தேடினேனா, வேறு எதையாவது தேடினேனா என்று கேட்காதீர்கள். கையில் கிடைத்தது ஒரு சின்ன நோட்டு. பள்ளிப் பிள்ளை கையெழுத்து மாதிரி அழகாக எழுதியிருந்தாள்.

சார்ட் 12க்கு 120 ரூபாய். ஸ்கெட்ச் பேனா இரண்டு பெட்டி 110. கத்தரிக்கோல், பசை 95. வண்ணத்தாள் 90. டஸ்டர் 35. ஸ்டிக்கர் 80. பென்சில் இரண்டு டஜன் 120. ஜெராக்ஸ், 34 பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாலு தாள், 272. வகுப்பறை அலங்காரம் 340. ஜூன் மாதம் மட்டும் மொத்தம் 1,262 ரூபாய்!

8,500 ரூபாய் சம்பளத்தில் ஏழில் ஒரு பங்குக்கும் மேல். ஜூலைக்கு ஒரு பக்கம், ஆகஸ்டுக்கு ஒரு பக்கம். ஆகஸ்டு பக்கத்தின் அடியில், "சீட்டுக்குக் குறைகிறது. அடுத்த மாதம் சரி செய்ய வேண்டும்" என்று எழுதியிருந்தாள்.

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒரு குழந்தையைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்று அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவள் எழுந்ததும் கேட்டேன். "ஏம்மா, பள்ளியில கேக்க வேண்டியதுதானே?"

"புதுசா சேர்ந்தவ எப்படிம்மா கேக்கறது? பக்கத்து கிளாஸ்ல எல்லாம் சுவர் நிறைய ஒட்டியிருக்காங்க. என் கிளாஸ் மட்டும் வெறுமையா இருந்தா, இவளுக்கு ஒண்ணும் தெரியலேன்னுதானே நினைப்பாங்க? அதோட, அதுங்க சின்னப் பிள்ளைங்கம்மா. போர்டுல மட்டும் எழுதிப் போட்டா பத்து நிமிஷம் உக்காராதுங்க. கையில எடுத்துப் பார்த்தாத்தான் புரியும்."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

"வேலையே வேண்டாம், வீட்டுல இருன்னு சொல்லிடுவியோன்னு பயமா இருந்துச்சு."

சொல்லியிருப்பேன்தான். அவள் பயந்ததில் நியாயம் உண்டு.

எங்கள் பக்கத்துத் தெருவில் அரசுத் தொடக்கப் பள்ளி டீச்சரம்மா ஒருவர் இருக்கிறார். இருபத்தைந்து வருஷ அனுபவம். அவரிடம் போய்க் கேட்டேன். சிரித்தார். "உங்க பொண்ணு மட்டுமா? நாங்க எல்லாருமே அப்படி ஆரம்பிச்சவங்கதான்" என்றார்.

அவர் சொன்ன கணக்கு எனக்குப் புதிது. முன்பு அனைவருக்கும் கல்வி இயக்கத்தில், துணைக்கருவி செய்துகொள்ள ஒவ்வோர் ஆசிரியருக்கும் வருஷத்துக்கு 500 ரூபாய் தனியாகக் கொடுப்பார்களாம். அவர்கள் பேச்சில் அதற்கு டி.எல்.எம். பணம் என்று பெயர். 2018-ல் சமக்ர சிக்ஷா என்று எல்லாத் திட்டங்களையும் ஒன்றாக்கிய பிறகு, பள்ளிக்கு மொத்தமாக மானியம் என்று வைத்தார்கள். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சம் வரை. மிகச் சின்னப் பள்ளி என்றால் அதற்கும் குறைவு. அதிலேயே பத்தில் ஒரு பங்காவது சுத்தம் சுகாதாரத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்று விதி. கரண்டுக்குக் கொஞ்சம், உடைந்த குழாய்க்குக் கொஞ்சம், துடைப்பம், பினாயில் என்று போனால், ஒன்றாம் வகுப்பு டீச்சரின் ஸ்கெட்ச் பேனாவுக்கு என்ன மிஞ்சும்?

"ஆனா எங்க பிள்ளைங்களுக்குப் புத்தகம், நோட்டு, பை, கலர் பென்சில் எல்லாம் அரசாங்கமே கொடுத்துடுது. 2022-ல எண்ணும் எழுத்தும் வந்ததும் பயிற்சி நூலும் வகுப்புக்கு வேண்டிய துணைப்பொருளும் வந்துச்சு. முன்னைக்கு இப்போ பரவாயில்லை. உங்க பொண்ணுக்குத்தான் கஷ்டம். தனியார் பள்ளியில நிர்வாகத்துக்கு மனசு இருந்தாத்தான் கிடைக்குது" என்றார்.

அவர் பேசப் பேச எனக்கு என் சின்ன வயசு ஞாபகம் வந்தது. துறையூர்ப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் படித்தேன். 1987-ல் மத்திய அரசாங்கம் கரும்பலகைத் திட்டம் என்று ஒன்று கொண்டு வந்தது. இரண்டு அறையும் இரண்டு ஆசிரியரும் இல்லாத பள்ளிக்கூடங்களுக்கு அவற்றைக் கொடுத்து, பூமி உருண்டை, தேசப்படம், விஞ்ஞானப் பெட்டி, விளையாட்டுச் சாமான், டோலக் என்று பாட உபகரணங்களும் கொடுத்த திட்டம். நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது எங்கள் பள்ளிக்கும் ஒரு பெட்டி வந்தது. வந்தது வந்தபடியே பெரிய வாத்தியார் அறையில் பூட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தது! உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அவருக்குப் பயம். எங்கள் டீச்சரோ தன் கைக்காசில் வாங்கிய ரப்பர் பந்தில் பேனாவால் கோடு போட்டு, "இதுதான் பூமி" என்று சுற்றிக் காட்டினார்கள். அந்தப் பந்து யார் காசு என்று அன்றைக்கு நாங்கள் நினைத்துப் பார்த்தோமா? இல்லையே.

இன்னொன்றும் டீச்சரம்மா சொன்னார். காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, 1958-ல், கல்வித் துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தத் தொடங்கினாராம். ஊர் ஊராகக் கூட்டம் போட்டு, "உங்கள் பள்ளிக்கு என்ன குறை?" என்று பட்டியல் எடுத்து, ஊராரே கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், பிள்ளைகளுக்குச் சீருடை என்று கொடுத்தார்களாம். கையில் நாலு காசு இல்லாத காலத்தில் அது நடந்திருக்கிறது. அன்றைக்குக் குறையை ஊர் முன்னால் வாய்விட்டுச் சொன்னார்கள். இன்றைக்கு நம் பெண்கள் அதைக் கைப்பைக்குள் மறைத்து வைக்கிறார்கள்.

இங்கே மட்டும்தான் இப்படியோ என்று நினைத்தால், பணக்கார அமெரிக்காவிலும் இதே கதைதானாம். 2014-15 கல்வியாண்டில் அந்த நாட்டு அரசாங்கமே கணக்கெடுத்ததில், பொதுப் பள்ளி ஆசிரியர்களில் 100க்கு 94 பேர் வகுப்புக்காகச் சொந்தப் பணம் போட்டிருந்தார்கள். அங்கே 2002-லிருந்து, அப்படிச் செலவழித்ததில் 250 டாலர் வரை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று சட்டம். 2022-ல் அதை 300 டாலர் ஆக்கினார்கள். பணத்தைத் திருப்பித் தருவதில்லை, வரியில்தான் கொஞ்சம் குறையும். இருந்தாலும் இப்படி ஒரு செலவு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், பாருங்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்?

முதலில், அவளை விட்டே கேட்க வைத்தேன். நான் போய்ச் சண்டை போட்டால் அவள் வேலைக்குத்தான் ஆபத்து. டீச்சரம்மா சொன்ன யோசனைப்படி, அடுத்த பருவத்துக்கு என்னென்ன வேண்டும், எத்தனை, என்ன விலை, எந்தப் பாடத்துக்கு என்று ஒரே தாளில் எழுதினாள். மூன்று மாதச் செலவையும் கீழே மொத்தமாகக் குறித்தாள். குறை சொல்லாமல், "இவை கிடைத்தால் வகுப்புக்கு உதவியாக இருக்கும்" என்று முடித்தாள். தலைமை ஆசிரியை படித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷத்துல யாரும் எழுதிக் கேட்டதில்லையேம்மா" என்றார்களாம். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. சாக்பீஸ், டஸ்டர், சார்ட் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஜெராக்ஸ் பள்ளியிலேயே எடுக்கலாம். அலங்காரத்துக்கும் பென்சிலுக்கும் கிடையாது. பழைய செலவுக்கும் கிடையாது. அரைக் கிணறு தாண்டிய மாதிரிதான். ஆனால் அது அவளுக்கு மட்டும் இல்லை, எல்லா டீச்சர்களுக்கும் கிடைத்தது.

இரண்டாவது, மாதத்துக்கு 300 ரூபாய்க்கு மேல் கைக்காசு போடுவதில்லை என்று அவளே ஒரு வரம்பு வைத்துக்கொண்டாள். தான் வாங்கிய சாமான் மேல் தன் பெயரை எழுதி, வருஷக் கடைசியில் பெட்டியில் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்துவிடுவாள். அடுத்த வருஷத்துக்கு ஆகும்.

மூன்றாவது, வீட்டில் எல்லோரும் கை கொடுத்தோம். பணம் இல்லாமல் என்னென்ன முடியும் என்று நாங்கள் கண்டுகொண்டதை எழுதுகிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் வழுவழுவென்று வெள்ளையாக இருக்கும். சார்ட் தாளுக்கு அதுவே போதும். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டினால் எழுத்து அட்டை ஆகும். செருப்புப் பெட்டி, பட்டுப்புடவைப் பெட்டி எல்லாம் அட்டைகளை அடுக்கி வைக்க.

பசைக்கு ஒரு பங்கு மைதா, நாலு பங்கு தண்ணீர் கட்டியில்லாமல் கரைத்து, சின்னத் தீயில் கிளறி, பளபளவென்று வந்ததும் இறக்குங்கள். இரண்டு நாளைக்கு ஆகும் அளவு மட்டும் செய்யுங்கள். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவது பழைய வழக்கம். குழந்தைகள் தொடும் பொருளுக்கு வேண்டவே வேண்டாம், அது விஷம்.

எண்ணப் பழக்கப் புளியங்கொட்டை நல்லதுதான். ஆனால் மூன்று நாலு வயசுப் பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்ளும். அவர்களுக்குப் பெரிய பாட்டில் மூடி கொடுங்கள். ஒன்றாம் வகுப்புக்குக் கூட, கொட்டைகளைப் பத்துப் பத்தாக அட்டையில் ஒட்டிக் கொடுத்தால் பயம் இல்லை.

கரும்பலகையை ஈரத் துணியால் துடைத்தால் சாக்பீஸ் தூள் தொண்டையில் இறங்காது. டீச்சர் பெண்களுக்கு ஒரு பாட்டில் வெதுவெதுப்பான தண்ணீரும், சாயங்காலத்துக்கு இரண்டு கடலை உருண்டையும் கட்டாயம் கொடுத்தனுப்புங்கள். நான் இப்போது காலையில் அவள் இரண்டு இட்லி சாப்பிடாமல் வாசலைத் தாண்ட விடுவதில்லை.

இளம் தாய்மார்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் பிள்ளையின் பிறந்த நாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுக்கிறீர்கள் இல்லையா? அந்தப் பணத்துக்கு ஒரு டஜன் பென்சிலோ, ஒரு பெட்டி ஸ்கெட்ச் பேனாவோ வாங்கி, "வகுப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள் டீச்சர்" என்று கொடுத்துப் பாருங்கள். பல்லுக்கும் நல்லது. "டீச்சர், வகுப்புக்கு ஏதாவது வேணுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள்.

அதற்காகப் பள்ளி நடத்துகிறவர்களைச் சும்மா விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பீஸ் வாங்குகிறவர்கள் பேப்பரும் வாங்கித் தர வேண்டியதுதான். பெற்றோர் கூட்டத்தில் பஸ்ஸைப் பற்றியும் யூனிபாரத்தைப் பற்றியும் கேட்கிறோம். இதையும் ஒரு தடவை கேட்டால் என்ன?

எங்கள் வீட்டில் இப்போது ராத்திரி எட்டு மணிக்குக் கூடம் ஒரு பட்டறை மாதிரி இருக்கும். நான் வெட்டுவேன், சின்னவன் ஒட்டுவான், இவள் வரைவாள். "இவ்வளவுதானா?" என்று முகம் சுளித்தவர், ஆபீஸில் பழைய காலண்டர் இருந்தால் சுருட்டி எடுத்துக்கொண்டு வருகிறார். சீட்டில் நான் இரண்டு மாதம் என் கையிலிருந்து கட்டினேன். சங்கிலிக்கு என்ன அவசரம்?

போன மாதம் ஒரு நாள் பெரியவள் கையில் ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். அவள் வகுப்புப் பையன் ஒருவனுடைய அம்மா கொடுத்தனுப்பியதாம். தள்ளுவண்டியில் இட்லி விற்கிறவர். பிரித்துப் பார்த்தேன். கழுவித் துடைத்து, வெயிலில் உலர்த்தி, சொத்தை ஒன்று இல்லாமல் பொறுக்கிய புளியங்கொட்டை. இரண்டு படி இருக்கும்.

"எதுக்குடி இவ்வளவு?" என்றேன்.

"வகுப்புக்கு ஏதாவது வேணுமா டீச்சர்னு அவங்களாவே கேட்டாங்கம்மா. சொன்னேன்" என்றாள்.

அன்றைக்குக் கணக்கு நோட்டில் அதையும் எழுதி வைத்தாள். விலை என்ற இடத்தில் ஒரு கோடு போட்டிருந்தாள்.